தம்பியின் பங்கு

ஜனவரி 5, திங்கள்
காலையிலிருந்து தூறல். காபிப் பழம் பறிக்க ஆள் கூப்பிடவில்லை.
நேற்று சாமிக்குக் கிடா வெட்டு. எங்கள் பளியர் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு பங்கு, எல்லோருக்கும் ஒரே அளவு. ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் பங்கு உண்டு. தம்பி செல்வத்தின் பங்கை என் கையில் கொடுத்தார்கள். அம்மா செத்த அன்று என்னோடு சண்டை போட்டுத் தாண்டிக்குடி எஸ்டேட்டுக்குப் போனவன். அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.
உப்பு, மஞ்சள் தடவிக் கயிற்றில் கோத்து அடுப்புக்கு மேலே கட்டியாயிற்று. உப்புக்கண்டம் என்றால் அவனுக்கு உயிர்.

ஜனவரி 7, புதன்
வெயிலே இல்லை. சமையல் கேஸில், கண்டத்துக்காக மட்டும் விறகடுப்பு. விறகு ஈரம். கண் எரிச்சல்.
வீட்டுக்காரர்: "வராதவனுக்கு எதுக்குடி இந்தப் பாடு? வறுத்துப் போடு, நான் தின்னுட்டுப் போறேன்."
"நம்ம பங்கத்தான் அன்னைக்கே தின்னு முடிச்சிட்டீங்கல்ல."
சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜனவரி 10, சனி
ஒரு கறித்துண்டில் வெள்ளையாக ஏதோ. பூஞ்சையோ என்று பகீரென்றது. துடைத்துப் பார்த்தால் உப்பு.
வாங்க: தீப்பெட்டி, வெல்லம், இவருக்குத் தைலம்.
பக்கத்து வீட்டு ராசாத்தி பண்ணைக்காட்டில் தம்பியைப் பார்த்தாளாம். "ஒங்க பங்கு அக்கா வீட்டுல கெடக்குன்னு சொன்னேன்க்கா. கேட்டுட்டு வெரசா போயிட்டாரு."
இவனும் வராமல் போனால் பிறந்த வீடு என்று எனக்கு யாரும் இல்லை. அதுதான் பயம்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்
நல்ல வெயில். வெள்ளனே வாசலில் பானை வைத்தேன். பொங்கி வரும்போது செல்வம் வந்து நிற்கிறான்! தாடி, பச்சை வேட்டி, கழுத்தில் மாலை.
"ஏலே, பழனிக்கா போற?"
"ஆமாக்கா. தைப்பூசத்துக்கு நடந்து போறோம்."
விரதம். கறியைத் தொடக்கூடாது. கறி தொங்கும் வீட்டுக்குள்ளும் வர மாட்டான். அவனுக்கென்று வைத்ததே அவனை வாசலில் உட்கார வைத்துவிட்டது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பாய் போட்டேன். பொங்கல் சாப்பிட்டான். சண்டையைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.
கிளம்பும்போது கதவு வழியாக உள்ளே பார்த்தான்.
"அதா எம் பங்கு?"
"ஆமா. கெட்டுப் போறதுக்குள்ள மாமாவுக்கு வறுத்துக் குடுத்துரவா?"
"அதெல்லாம் வேணாம். மாலையக் கழட்டிட்டு நேரா இங்கதான் வருவேன். அதுவரைக்கும் தொங்கட்டும்."