பனிச்சறுக்கு வகுப்பில் நாலாவது பெயர்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை, என் இடது முழங்கால் நால்வரும் நலமாகவே இருக்கிறோம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஈரத் தலையோடு வெளியே கிளம்பாமல், நலமாக இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், கடைசியில் 'சரி வச்சிடவா' என்பது மட்டும்தான் எல்லோர் காதிலும் தெளிவாக விழுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பனிச்சறுக்குப் பயணத் திட்டம் வந்து சேர்ந்தது, இரண்டு பக்கம், பதினாலு வரி, நூலகத்தில் வேலை பார்ப்பவள் எழுதியது என்று பார்த்ததுமே தெரிகிறது. அதில் ஒன்பதாவது வரியில், முதல் இரண்டு நாளும் பயிற்சி வகுப்பு என்று போட்டு, அம்மா, தங்கை, நீ என்று மூன்று பெயர் எழுதி, அடியில் 'அப்பா: கீழே ஓய்வறை, சூடாகக் காபி, வேடிக்கை' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்புக்குப் பெயர் கொடுத்தாக வேண்டும் என்று நீயே எழுதியிருப்பதால் அவசரமாக எழுதுகிறேன். ஆனாலும் மற்ற வரிகளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே அங்கே தாவுவது முறையில்லை, வரிசையாகவே வருகிறேன்.

பெரிய மலை வேண்டாம், ஆரம்பக்காரர்களுக்கு நாலு சரிவு உள்ள சின்ன மலை போதும் என்று எழுதியிருப்பது நூற்றுக்கு நூறு சரி. பெரிய மலையில் டிக்கெட் வாங்கினால் நாம் ஜென்மத்துக்கும் ஏறப்போகாத உச்சிக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டுகிறோம். பள்ளி விடுமுறைக் கூட்டம் வடிந்த பிறகு போவது, சரிவின் அடிவாரத்திலேயே தங்காமல் பஸ்ஸில் பத்து நிமிஷம் தள்ளி ஒரே வீடாக எடுப்பது, எல்லாம் நான் யோசித்திருந்தால் எனக்கே தோன்றியிருக்கும். அந்த வீட்டில் சமையலறை உண்டு என்று படித்ததும் உன் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுப்பு எத்தனை, கத்தி கூராக இருக்குமா என்று என்னைக் கேட்கிறாள், நான் ஏதோ அந்த வீட்டைக் கட்டியவன் மாதிரி. குக்கரை இங்கிருந்தே எடுத்துப் போகிறாளாம். இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாற வேண்டும் என்றேன், குக்கர் என் மடியில வரும், உங்களை யாரும் தூக்கச் சொல்லலை என்றாள். உடுப்புகளை வாங்காதீர்கள், இரவல் கேளுங்கள் என்ற வரியையும் அட்சரம் பிசகாமல் செய்துவிட்டாள். எதிர்வீட்டுக் கால்பந்துக் கோச்சிடம் பஞ்சு வைத்த பேன்ட் இருந்தது, அவர் ஆறடி இரண்டங்குலம், அம்மாவின் உயரம் உனக்குத் தெரியும். மருத்துவமனைத் துணி அறையில் இத்தனை வருஷம் போர்வை தைத்த கை அல்லவா, முக்கால் முழத்தை உள்ளே மடித்துத் தைத்துவிட்டாள். இப்போது அவள் முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை கட்டியவள் போல நடக்கிறாள், ஆனால் விழுந்தால் அடிபடாது என்று அவளே சொல்லிக்கொள்கிறாள்.

உன் தங்கை கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்ததும் வீடியோ பார்க்க உட்கார்ந்துவிடுகிறாள். பனியைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அவளைக் கேட்டால் பனியில் பதினொரு வகை சொல்வாள். அவள் சொன்ன ஒரே ஒரு செய்தியைக் கேட்டுத்தான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். சறுக்குப் பலகையில் பிரேக் கிடையாதாமே! கால் விரல்களை உள்ளே திருப்பி, குதிகால்களை வெளியே தள்ளி, பீட்சா துண்டு மாதிரி வச்சா தானா நின்னுடும்ப்பா என்கிறாள். முப்பத்தொரு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில், இடது பக்க இருக்கையில், எனக்கென்று தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு பிழைக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? இருந்தாலும் பழகிப் பார்ப்போம் என்று சனிக்கிழமை மூன்று பேரும் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டு சமையலறை வாசலிலிருந்து முன்கதவு வரை டைல்ஸ் தரையில் சறுக்கினோம். அம்மா பூப்போல வந்து நின்றாள். உன் தங்கையும் நின்றாள். நான் சறுக்கிக்கொண்டே அவர்கள் இருவரும் செய்த தவறுகளை எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்ததால் காலைத் திருப்ப நேரம் கிடைக்கவில்லை. செருப்பு அலமாரி இப்போது மூன்று காலில் நிற்கிறது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, பீரோவை நகர்த்துறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்ததாக உன் ஆறாவது வரி. 'பூட்ஸ் வாங்காதீர்கள், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், காலை அளந்து கொடுப்பார்கள்' என்று கோடு போட்டு எழுதியிருந்தாய். கோடு போட்டது எனக்காகத்தான் என்று தெரியும், அதனால்தான் அதை மீறினேன். நம் ஸ்கூல் வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கின் ஷெட்டில் யாரோ விட்டுப்போன பனிச்சறுக்கு பூட்ஸ் ஒரு ஜோடி தூசி படிந்து கிடந்தது, சும்மா எடுத்துட்டுப் போங்க என்றார். சும்மா என்ற சொல்லைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததே. போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஸ்கூல் மைதானத்தில், முதல் வகுப்புக்கு முன்னால் அரைமணி நேரம் இருந்தது, போட்டுப் பார்த்தேன். கால் உள்ளே போவதற்கே மெக்கானிக் சொன்னபடி தவளை மாதிரி குந்த வேண்டியிருந்தது. காலுக்கு நாலு கொக்கி, இறுக்கினேன், ஆளே நிமிர்ந்துவிட்டேன், மைதானத்தை இரண்டு சுற்று கம்பீரமாக நடந்தேன், வாட்ச்மேன்கூட வணக்கம் வைத்தார். பிறகு கழற்றலாம் என்று குனிந்தால் எட்டுக் கொக்கியில் ஆறு அசையவில்லை. துருவாம். இழுத்தேன், உதைத்தேன், வாட்ச்மேன் என் காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார், பெஞ்சோடு நான்தான் நகர்ந்தேனே தவிர பூட்ஸ் நகரவில்லை. அந்த நேரம் பார்த்து வகுப்புக்கு ஆள் வந்துவிட்டது.

வந்தது பல் டாக்டரம்மா. ஐம்பது வயது, நாலு தெரு தள்ளிக் கிளினிக், டிரைவிங் பரீட்சையில் மூன்று முறை தோற்றவர். என் மாணவர்களிலேயே மண்டையில் ஒன்றும் ஏறாதவர் என்று உன் அம்மாவிடம் நான் புலம்பியது இவரைப் பற்றித்தான். வேறு வழியில்லை, மெக்கானிக் ஷெட்டுக்கே ஓட்டிக்கொண்டு போகலாம், வகுப்பும் ஆயிற்று, காலும் விடுதலையாகும் என்று ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பிய பிறகுதான் உறைத்தது. அந்த பூட்ஸ் இருக்கிற அகலத்துக்கு என் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கப் போனால் கிளட்சும் சேர்ந்து போகும், கணுக்காலோ மடங்கவே மடங்காது. இரண்டு காலையும் தூக்கி ஒருபக்கமாகச் சாய்த்து, முழங்கால் தாடையில் இடிக்க, மூட்டையில் கட்டியவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் சட்டம், எனக்குத் தெரியாததா. மாணவிக்கு முன்னால் மானம் கப்பலேறிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன், அது தப்புதான், நீ யாரிடமும் சொல்லாதே. மார்க்கெட் தெருவில் காய்கறி வண்டி குறுக்கே வந்தது, என் கால் துடித்தது, அந்தம்மா மெதுவாக நிறுத்தி, வழிவிட்டு, மறுபடி எடுத்தார். ரவுண்டானாவில் பஸ்காரன் இடித்துக்கொண்டு வந்தான், கண்ணை இறுக மூடிக்கொண்டேன், திறந்தபோது ரவுண்டானா பின்னால் போயிருந்தது. ஷெட் வாசலில் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே, நூல் பிடித்தது போல நிறுத்தினார்.

மெக்கானிக் எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, கடைசியில் ரம்பத்தை எடுத்துத்தான் என்னை மீட்டார். அந்த நேரம் முழுக்க டாக்டரம்மா பக்கத்தில் நின்று, வாயைத் திறங்க என்று நோயாளியிடம் சொல்வாரே அதே நிதானத்தில் சொன்னார்: சார், இன்னைக்குத்தான் நீங்க ஒரு தடவைகூட பிரேக் போடலை, எப்பவும் நான் மிதிக்கறதுக்குள்ள நீங்க மிதிச்சிடுவீங்க, அதனால என் கால் உங்களுக்காகக் காத்துக்கிட்டே இருக்கும், பரீட்சையில மட்டும் பக்கத்துல நீங்க இருக்க மாட்டீங்க. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர் யாருமில்லை. இந்த வாரம் அந்தம்மா பரீட்சையில் முதல் ஆளாகத் தேறிவிட்டார், எனக்கு இலவசமாகப் பல் பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார், போகப் பயமாக இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு உன் நினைப்பாகவே இருக்கிறது. உனக்கு நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் நீ சாவியை மேஜையில் வைத்துவிட்டு, போதும்ப்பா என்றாய், உனக்குப் பொறுமை இல்லை என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். இப்போது நீ இருக்கிற ஊருக்குப் போய் யாரோ ஒருவரிடம் மூன்றே வாரத்தில் கற்று லைசென்ஸைப் படம் பிடித்து அனுப்பினாய், போட்டோ மங்கலாக இருக்கிறது என்று மட்டும் பதில் போட்டேன். கார் மட்டுமா, படிப்பு, வேலை, எல்லாவற்றிலும் நீ மிதிப்பதற்குள் நான் மிதித்திருக்கிறேன். தனியாகப் போய் ஒரு மாசம்கூடத் தாங்கமாட்டாய் என்று சொன்னதும் நான்தான், இப்போது நாலு வருஷம் ஆகிறது. நீ கிளம்பிய அன்று எனக்கு வகுப்பு இருக்கிறது என்று சொல்லி ரயில் நிலையத்துக்கு வரவில்லையே, வகுப்பு எதுவும் இல்லை. ஸ்கூலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். காலையில்தான் மழை பெய்திருந்தது, கார் சுத்தமாகவே இருந்தது. வந்திருக்க வேண்டும், வராதது என் தப்பு. இதைப் போனில் சொல்ல நாலைந்து முறை வாயெடுத்தேன், ஒவ்வொரு முறையும் அம்மா குறுக்கே வந்து தண்ணீர் பில் கட்டியாச்சா என்று கேட்டுவிட்டாள்.

ஒன்பதாவது வரிக்கு நீ எழுதிய காரணம் என் முழங்கால். உண்மையான காரணத்தை உன் தங்கை உளறிவிட்டாள், அவளைத் திட்டாதே. அப்பா வகுப்புக்கு வந்தா வாத்தியாருக்கே வகுப்பு எடுப்பார்டி என்று சொன்னாயாம். சொன்னது பொய்யில்லை. அதனால் முதலில் முழங்காலை முடித்துவிட்டேன், எலும்பு டாக்டரிடம் காட்டினேன், மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, விழறது எப்படின்னு முதல்ல கத்துக்கிட்டு அப்புறம் சறுக்குங்க என்றார். சிக்கனத்தைப் பார்த்தாலும், நாலு பேராகச் சேர்ந்தால் குழுக் கட்டணம் என்று உன் பத்தாவது வரியே சொல்கிறது, நான் சேராமல் இருப்பதுதான் வீண்செலவு. வாத்தியார் உன் தங்கை வயதுப் பிள்ளையாக இருந்தாலும் சார் என்றே கூப்பிடுகிறேன். யார் எப்படி நின்றாலும் திருத்தமாட்டேன். நீ விழுந்தால்கூட, கையை நீட்டுகிறவரை பக்கத்தில் வரமாட்டேன். அம்மா இதைப் படித்துவிட்டு, எழுதிக் கொடுத்தாச்சு, கையெழுத்தையும் போடுங்க என்கிறாள், அதையும் போடுகிறேன்.

நீ எண்ணியதெல்லாம் குறைவில்லாமல் கூடி வரட்டும், உடம்பும் மனசும் சௌக்கியமாக இருக்கட்டும், எங்கள் மூவருடைய ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. அம்மா உன்னைக் கையுறை இரண்டு ஜோடி எடுத்து வைக்கச் சொல்கிறாள். தங்கை உன் ஹெல்மெட் அளவைக் கேட்கிறாள். வெள்ளிக்கிழமையை மறக்காதே. வகுப்புக்கான படிவத்தில் பெயர், வயது எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் 'இதுவரை என்ன தெரியும்' என்று ஒரு கட்டம் இருக்குமாம். என் பெயருக்கு நேரே அதில் 'ஒன்றும் தெரியாது' என்று எழுது. என்னிடம் கொடுத்தால் வேறு ஏதாவது எழுதிவிடுவேன், நீயே எழுதிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா