ஓடைக்கரையில் மக்கிப்போன வலை

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி பிடித்த கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு 'ழ' போட்டு முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் என் கையால் எழுதுகிறேன், மச்சான்! முதியோர் வகுப்பில் நாலு மாதம் உட்கார்ந்ததன் பலன். உங்கள் தங்கை எட்டிப் பார்த்து, "ஆருக்குங்க இத்தன நீட்டமா?" என்றாள்.

"உங்க அண்ணனுக்கு."

"அவரு போயி ரெண்டு வருசமாச்சுங்களே."

"இருந்தப்ப மட்டும் பதில் சொல்லிப்போட்டாராக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

இன்று காலை குழியில் ஊறிய தேங்காய் மட்டைகளை வெளியே எடுத்தேன். அந்த அழுகல் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் இருந்த பழைய எரிச்சல் முழுவதும் திரும்பி வந்துவிட்டது.

ஆனைமலைக்குக் கிழக்கே நம் இரண்டு தோட்டமும் ஒரே ஓடைக்கரையில் அடுத்தடுத்து இருந்தன. ஆடி வெள்ளம் வருடாவருடம் கரையைத் தின்றது. என் கிணற்றுக்கும் ஓடைக்கும் நடுவே பத்து முழ மண்தான் மிச்சம். அதுவும் போனால் கிணறு போச்சு, கிணறு போனால் தோட்டம் போச்சு. நான் கல்லடுக்க வேண்டும் என்றேன். நீங்களோ மட்டையை ஊறவைத்து, அடித்து நாரெடுத்து, கயிறு திரித்து, வைக்கோல் கட்டும் வலை மாதிரி பின்னிக்கொண்டு வந்து நின்றீர்கள்.

"ஏனுங் மச்சான், வெள்ளத்துக்கு வலை போட்டு மீன் புடிக்கப் போறீங்களா?" என்றேன்.

"ஆமாங்க மாப்பிள்ளை. நீங்க கொழம்பு வைங்க" என்றீர்கள்.

அவ்வளவுதான் விளக்கம்! உங்கள் கரை, என் கரை இரண்டிலும் மண்ணைச் சரித்துவிட்டு, காங்கயத்திலிருந்து கொண்டுவந்த கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவி, மேலே வலையை விரித்து, மூங்கில் முளை அடித்தீர்கள். அந்த ஆடியில் கரை நின்றது. அடுத்த ஆடியிலும் நின்றது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் வருடத் தை நெருங்கியது. பொங்கல் காப்புக் கட்டுக்கு முன்னால் வீடும் களமும் கிணற்றடியும் துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டாமா? பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுகிற இடத்தில் குப்பை கிடக்கலாமா? என் கரையில் வலை மக்கி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. புல் முழங்காலுக்கு மேல் மண்டிக்கிடந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வலையைப் பிய்த்தேன், புல்லை வேரோடு செதுக்கினேன், எல்லாவற்றையும் கொளுத்தினேன். கரை பெருக்கிவிட்ட வாசல் மாதிரி ஆனது. உங்கள் தங்கை அப்போதே கேட்டாள்: "அண்ணன ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு செஞ்சிருக்கலாமில்லீங்க?" கேட்டிருந்தால் நான் மாப்பிள்ளையா!

நீங்கள் வேலி ஓரம் வந்து பார்த்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள். "சுத்தமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மச்சான், அந்த இடத்தில் ஒரு ஏச்சு ஏசியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

ஆடி வந்தது. ஒரே மழையில் என் கரை ஏழு முழம் சரிந்தது. கிணற்று மேட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. உங்கள் பக்கம் ஒரு கூடை மண்கூடப் போகவில்லை. மழை விட்டதும் வந்தீர்கள். தோளில் புது வலை. உங்கள் கரைப் புல்லையே மண்ணோடு பெயர்த்து, கூடை கூடையாகச் சுமந்து என் சரிவில் பதித்தீர்கள். உங்களுக்கு அப்போது முதுகுவலி வேறு. ஐந்து நாள் சேற்றில் நின்றோம். கிணறு தப்பியது. ஆறாம் நாள்தான் எனக்கு விஷயமே விளங்கியது: மக்கத்தான் அந்த வலை. புல் வேர் பிடிக்கும் வரைக்கும் மண்ணைக் காத்துவிட்டு, அதுவே எருவாகிப்போகும். அது மக்கியதுதான் வேலை முடிந்ததற்கு அடையாளம்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா என்னங்க?" என்று கத்தினேன்.

"நீங்க கேக்கலீங்களே மாப்பிள்ளை."

இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கேளுங்கள், போன மாதம் உங்கள் மகன் மோட்டார் ரூம் கட்டுவதற்காக உங்கள் கரையைச் செதுக்கிவிட்டான். புல் இருந்தால் பாம்பு வருமாம். உங்களை மாதிரி நான் சும்மா திரும்பி வருவேனா? வேலி தாண்டிப் போய் அரை மணி நேரம் கத்தினேன். எது மக்கும், எது நிற்கும், ஏன் பிடுங்கக்கூடாது என்று அவன் காதில் ஒவ்வொன்றாகப் போட்டேன். "ஏனுங் மாமா, எங்கய்யன் இதெல்லாம் சொன்னதே இல்லீங்களே" என்றான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் கரை வைத்திருக்கிற யாரைக் கண்டாலும் நிறுத்தி வைத்துச் சொல்கிறேன். என்னைக் கண்டால் ஆட்கள் வழி மாறிப் போகிறார்கள். நீங்கள் பேசாமல் விட்டுப்போன பேச்சையெல்லாம் நான்தான் பேச வேண்டியிருக்கிறது.

இந்த மட்டைகள் உங்கள் கரைக்குத்தான். நாளைக்கு நானும் உங்கள் மகனும் நார் அடிக்கிறோம். வலைக் கண்ணி எத்தனை விரல் அகலம் என்பதையும் சொல்லாமலே போய்விட்டீர்கள். நாலு விரல் வைக்கிறேன். தப்பாக இருந்தால் அது உங்கள் குற்றம். விதை முளைத்ததா இல்லையா என்று அடுத்த மாதம் எழுதுகிறேன்; முளைக்காவிட்டால் கடிதம் இன்னும் நீளமாக இருக்கும்.

உங்கள் மாப்பிள்ளை