செவலைக்குத் தொற்று இல்லை

சேலம்,
9 மார்ச் 1937

ஆனைமலை எஸ்டேட்டில் இருக்கும் திரு. செங்கோடன் அவர்களுக்கு, மாட்டு டாக்டர் பாலசுந்தரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அந்த மலைக்குளிரில் நீங்களும் ஆராயியம்மாளும் மகள் சின்னாயியும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் விலாசத்தை அம்மாபேட்டை ஜட்கா வண்டிக்காரர் சுப்பையனிடம் வாங்கினேன். முதல் இரண்டு முறை அவர் தரவில்லை.

இதை வாசித்துக் காட்டும் கணக்கப்பிள்ளை ஒரு வரியையும் விட வேண்டாம்.

உங்கள் செவலைக் குதிரைக்குத் தொற்றுநோய் இல்லை. நான் சொன்னது தவறு.

போன வைகாசியில் நீங்கள் அதைக் கொண்டுவந்தபோது தாடைக்கு அடியில் இருபுறமும் நெறி கட்டியிருந்தது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. உடல் இளைத்திருந்தது. மனிதருக்கும் பரவும் கிளாண்டர்ஸ் நோய் என்று பார்த்தவுடன் முடிவு கட்டினேன். அதை உறுதி செய்ய ஒரு ஊசி மருந்து உண்டு. அது கைவசம் இல்லை. பட்டணத்திலிருந்து வர ஐந்து நாள் ஆகும். நீங்கள் கைகூப்பி, "சாமி, மூக்குல ஒழுக்கு இல்லீங்க, புண்ணும் இல்லீங்க. அஞ்சு நாள் பொறுத்துப் பாருங்க" என்று கேட்டீர்கள். வண்டிக்காரன் எனக்கு வைத்தியம் சொல்வதா என்று கோபம் வந்தது. மறுநாள் காலையே சுட உத்தரவு எழுதினேன். கடைசியாக ஒருமுறை கழுத்தைத் தொட வந்த உங்களையும் தொற்றிவிடும் என்று சொல்லி விரட்டினேன்.

சுட்டபின் உடலை அறுத்துத் திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நோய்க்குரிய கட்டிகள் நுரையீரலில் ஒன்றுகூட இல்லை. மண்ணீரல் மூன்று மடங்கு வீங்கியிருந்தது. குடலை ஒட்டிய நெறிகளெல்லாம் வெள்ளைச் சதையாகத் திரண்டிருந்தன. துண்டு வெட்டிப் பட்டணத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினேன். இது இரத்தத்திலும் நெறியிலும் பெருகும் புற்று, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது என்று ஆனி மாதமே பதில் வந்தது.

அந்தப் பதிலை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். தொற்றுக்குப் பயந்து ஊரார் உங்கள் கொட்டகையைக் கொளுத்தினார்கள். ஆராயியம்மாளைப் பொதுக்கிணற்றில் வாளி இறக்க விடவில்லை. சின்னாயிக்குப் பேசிய சம்பந்தத்தைப் புதுச்சத்திரத்தார் முறித்துக்கொண்டார்கள். எல்லாம் என் காதுக்கு வந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நீங்கள் ஊரை விட்டுப் போன அன்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

சென்ற மாதம் ஒரு பங்களாக்காரரின் குதிரை அதேபோல் நெறி கட்டி வந்தது. அவரிடம் நாற்காலி போட்டுப் பேசினேன். மருந்து வரட்டும் என்று ஐந்து நாள் பொறுத்தேன். சாதாரணத் தொண்டைக்கட்டி, பழுத்து உடைந்து ஆறிவிட்டது. அவர் என் பொறுமையைப் பாராட்டிவிட்டுப் போனார். அன்று இரவு அந்த இழுப்பறையைத் திறந்தேன்.

மறுநாள் பட்டணத்துக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அம்மாபேட்டைக் கிணற்றடிக்குப் போய், இங்கிலீஷில் இருந்ததை எல்லோர் முன்னும் தமிழில் சொன்னேன். கந்தம்மாள் என்ற பெண், "அந்தச் சின்னாயிப் புள்ளைய இந்தப் பக்கம் வராதேன்னு நான்தானுங்க தொரத்துனேன்" என்று அழுதாள். மேலதிகாரிக்கும் என் தவற்றை எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் செய்வதைச் செய்யட்டும்.

புதுச்சத்திரத்துக்கும் போனேன். மாப்பிள்ளையின் தகப்பனார் தங்கமுத்து மோர் கொடுத்து உட்காரவைத்து, "இப்ப வந்து சொல்லி என்னங்க பண்றது? பையனுக்குத் தையிலயே கல்யாணம் முடிஞ்சு போச்சுங்களே" என்றார். மோரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

எப்படியும் செவலை பிழைத்திருக்காது. மிஞ்சினால் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் உங்களுக்கும் அதற்கும் உரியவை. இதை ஆறுதலாக எழுதவில்லை.

பதில் எழுத வேண்டாம். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி இரண்டு முறை அடித்துவிட்டேன். சின்னாயிக்கு நல்ல இடம் அமைந்து, அவள் நிறைந்து வாழ வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் யாராவது அந்தப் பழைய பேச்சை எடுத்தால், எந்த ஊராக இருந்தாலும் எனக்கு ஒரு கார்டு போடச் சொல்லுங்கள். நானே வந்து அவர்கள் வாசலில் நின்று சொல்கிறேன்.

தலைநிமிர முடியாத,
பாலசுந்தரம்