பென்சில் கோட்டுக்குக் கீழே

லெவுக்கா,
ஆகஸ்ட் 12

அன்புள்ள சலநியேத்தாவுக்கு,

உன் கவிதைப் புத்தகம் திங்கட்கிழமைப் படகில் வந்தது. நலம்தானே? வெலிங்டன் குளிர் பழகிவிட்டதா? பின்னட்டைப் படத்தில் நீ போட்டிருக்கும் காதணி, சுவாவில் நாம் படித்தபோது சேர்ந்து போய் வாங்கியது. அதைக்கூடக் கவனித்தேன்.

நான் படகுத்துறையில் பயணச்சீட்டு கொடுக்கிறேன். வீட்டின் முதல் பட்டதாரி என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கவிதை எழுதுகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து எழுதுவோம் என்று பேசிக்கொண்டோமே, எழுந்துவிடுகிறேன். மரவள்ளியை அவித்துவிட்டு வேலைக்குப் போகிறேன். மார்ச்சுக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை.

முப்பத்தொன்றாம் பக்கம்: "எலுமிச்சை தேய்த்துக் கழுவிய கையால் அம்மா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறாள், எல்லாப் பக்கத்திலும் சூரை மீன்." என் வரி. அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டேன்.

நம் வழக்கம் எனக்கும் நினைவிருக்கிறது. வாரம் ஒரு கவிதை மாற்றிக்கொள்வோம். படிப்பவள் ஒரு வரியைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்த வரியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வரியை அடித்தது நீ இல்லை. உன் கையில் தருவதற்கு முன் நானே பென்சிலால் அடித்தேன். உன் அம்மா ஆசிரியை. என் அம்மா மீன் ஆலையில் வெட்டுபவள் என்று எழுதியது வகுப்பில் யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று நினைத்தேன். கோட்டுக்குக் கீழே நீ படித்திருக்கிறாய். உன்மேல் குற்றம் சொல்ல வழியே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை நீ வானொலியில் வாசித்ததை ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்களாம். அம்மாவுக்குப் பக்கத்து மேசை வெரோனிக்கா, "லிதியா, இது உன் கைதாண்டி! மோந்து பாத்துட்டே எழுதியிருக்கா!" என்று கத்த, ஒரே சிரிப்பாம். அம்மா வீட்டுக்கு வந்து, "அவ அம்மா எப்போடி மீன் வெட்டினா? நீ எழுதியிருந்தா நானும் நாலு பேருகிட்ட பெருமையா சொல்லியிருப்பேன்ல?" என்றாள். நான்தான் எழுதினேன் என்று வாய்வரை வந்தது. பிறகு ஏன் அடித்தாய் என்று கேட்பாளே! தேநீர் போடப் போய்விட்டேன்.

பொறாமையாக இருக்கிறது, சலநியேத்தா. புத்தகம் வந்ததற்காக மட்டும் இல்லை. என் அம்மாவைப் பற்றி எழுத நீ வெட்கப்படவில்லை.

நேற்று விடியற்காலை மரவள்ளி தீய்ந்துவிட்டது. அந்த நேரத்தில் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினான்கு வரி, அம்மாவின் பெயரோடு. நான் எதையும் அடிக்கவில்லை. வழக்கப்படி நீ ஒன்றை அடி. அடித்ததை மட்டும் இந்த முறை நீ வைத்துக்கொள்ளாதே. எனக்கே திருப்பி அனுப்பிவிடு.

உன் கை நிற்காமல் எழுதட்டும்.

உன்,
உனாய்சி