லால்குடிக்குத் துக்கம் விசாரிக்க

நவ. 24, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். மழைக்கோட்டில் தோள் பக்கம் ஓட்டை. ஒட்ட வேண்டும். பால் பாக்கெட் இரண்டு, சிலிண்டர் பதிவு.

ஸ்ரீரங்கத்திலேயே இரண்டு வீடு. பிறகு பாலம் தாண்டி எடமலைப்பட்டி புதூரில் ஒரு புது ஆள். ஜமால் பாய், வயது 76. வலது முட்டி மாற்று அறுவை, ஆறு வாரம் ஆகிறது. மகள் நசீமா வீட்டில் இருக்கிறார். மடக்கம் 85 டிகிரிதான். போதாது.

பிசியோவுக்குப் போகிற எல்லா வீட்டிலும் கேட்பதைக் கேட்டேன். கால் சரியானதும் என்ன செய்ய ஆசை? மாடி ஏற, கோயில் சுற்ற, பள்ளிவாசலில் தொழ என்பார்கள். இவர்:

“பஸ் ஏறணும். லால்குடில இறங்கணும். ஒரு மணி நேரம் தரையில உக்காரணும்.”

இந்த முட்டியோடு தரை வேண்டாம், நாற்காலி போதும் என்றேன்.

“துக்கம் விசாரிக்கப் போற வீட்டுல நாற்காலி கேக்கக் கூடாதும்மா.”

“யாரு தவறிட்டாங்க?”

“என் கூட்டாளி.”

“எப்போ?”

“அம்பத்து நாலு வருஷம் ஆச்சு.”

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க மனசில் அதுதான்.

நவ. 27, வியாழன்

மழை இல்லை. ஜ.பா. மடக்கம் 92.

வலது முன்கையில் பழைய தீக்காயம், முழங்கை வரைக்கும். கேட்டேன். கடற்படையில் இருந்தாராம். எழுபத்தொன்றில் போர். எதிரி நீர்மூழ்கிக் கப்பல் கடலுக்கடியிலிருந்து டார்பிடோ குண்டு விட்டு இவர்கள் கப்பலை மூழ்கடித்துவிட்டது. கூட்டாளி பெயர் செல்வராசு, லால்குடிப் பக்கம். கப்பலில் திருச்சிக்காரர்கள் இவர்கள் இருவர்தான். ஒரே தட்டில் சாப்பாடு. இவர் மேல்தளத்தில். செல்வராசு கீழே.

“தண்ணின்னு நெனச்சுக் குதிச்சேன். பூரா எண்ணெய்.”

பிறகு? பிறகு என்று கேட்டுக்கொண்டே எண்ணிக்கையை விட்டுவிட்டேன். பத்துக்குப் பதில் பதினேழு முறை மடக்கியிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு அவரும் சொல்லவில்லை.

டிச. 1, திங்கள்

மடக்கம் 98. நசீமா டீ கொடுத்தார். சமையலறையில் நின்றபடியே பேச்சு.

“எங்க அத்தா செத்துப் பொழச்சவரு, தெரியுமா? காணோம்னு தந்தி வந்து, வீட்டுல ஃபாத்திஹா எல்லாம் ஓதி முடிச்சப்புறம், உசுரோட இருக்காருன்னு இன்னொரு தந்தி! எப்படி மாறிச்சுன்னு இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது.”

அவருக்கு அது வேடிக்கைக் கதை. உள்ளே ஜ.பா. ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

கூட்டுவானேன்?

டிச. 6, சனி

நான் போனபோது ஜ.பா. போனில். ஸ்பீக்கர் போட்டிருந்தார். அந்தக் கப்பலில் தப்பியவர்கள் டிசம்பரில் ஒரு நாள் இப்படிக் கூடிப் பேசுவார்களாம். முன்பெல்லாம் நேரில். இப்போது நாலு குரல். இந்தி, மலையாளம், கொஞ்சம் இங்கிலீஷ். ஒருவர் நடுநடுவே “யார் பேசறது?” என்று இந்தியில் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு எல்லாம் மறந்துவிட்டதாம். இறந்தவர்களின் பெயர்களைப் பிரித்துக்கொண்டு படித்தார்கள். ஜ.பா. பங்கில் கடைசிப் பெயர் செல்வராசு. அதைச் சொல்லிவிட்டுப் போனை அணைத்தார்.

“பயிற்சி அப்புறம். கதவச் சாத்தும்மா.”

சொன்னார். கப்பல் மூழ்கிய அன்றைக்கு அவருக்குக் குளிர் காய்ச்சல். செல்வராசுதான் தன் சட்டையை மேலே போட்டுவிட்டான். சட்டையில் பெயரும் நம்பரும் அச்சு. கடலிலிருந்து தூக்கியபோது நினைவில்லை. சட்டையைப் பார்த்துச் செல்வராசு என்று எழுதிக்கொண்டார்கள். பத்திரம் என்ற தந்தி லால்குடிக்குப் போனது. காணவில்லை என்ற தந்தி இவர் வீட்டுக்கு.

“கண்ணு முழிச்சப்போ நர்ஸ், ‘செல்வராசுதானே?’ன்னாங்க. ஆமான்னேன்.”

“ஏன் பாய்?”

“இல்லைன்னு சொன்னா அவன் செத்துருவான்ல?”

நாலு நாள் ஆமாம் என்றே இருந்திருக்கிறார். ஐந்தாம் நாள் உண்மையைச் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் மாற்றித் தந்தி போனது. அந்த வீட்டுக்கு மட்டும் போக முடியவில்லை. செல்வராசுவின் தங்கை தனலெட்சுமி அதே ஊரில்தான் இருக்கிறாராம், விசாரித்து வைத்திருக்கிறார். காரில் போனால் மகளும் மருமகனும் கூட வருவார்கள். அதனால் பஸ்.

“நானும் அந்தப் போன் ஆள் மாதிரி மறந்துட்டா யாரும்மா சொல்றது?”

நான் வருகிறேன் என்றேன். யோசிக்காமல்.

ராத்திரி என் வீட்டுக்காரரிடம், பேர் மட்டும் சொல்லாமல், விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். “பயந்திருப்பான்” என்றார் பேப்பரைப் பார்த்தபடி. பயம் இல்லை. வேறு என்னவோ.

டிச. 9, செவ்வாய்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டேப் வைத்து லால்குடி பஸ்ஸின் முதல் படியை அளந்தேன். கண்டக்டர்: “என்னம்மா, பஸ்ஸு வாங்கப் போறீங்களா?” முழங்கால் உயரத்துக்கு நாலு விரல் குறைவு. ஜ.பா. வீட்டு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகப் பழக்கம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வைத்தியம் பார்த்த கால்.

டிச. 14, ஞாயிறு

வெயில். நசீமாவிடம் ‘நடைப் பயிற்சி’ என்று பொய். பஸ் ஏறிவிட்டார், ஒரே முயற்சியில். லால்குடியிலிருந்து ஆட்டோ. இரண்டு பக்கமும் சம்பா வயல்.

தனலெட்சுமி அம்மா, 68. நாற்காலி எடுத்துப் போட்டார். ஜ.பா. என் தோளைப் பிடித்துத் தரையில் இறங்கினார். கால் நீட்டியபடி.

“நான் செல்வராசு கூடக் கப்பல்ல இருந்தவன்மா. துக்கம் விசாரிக்க வந்தேன்.”

எல்லாவற்றையும் சொன்னார். சட்டை, நர்ஸ், நாலு நாள். ஒன்றும் குறைக்கவில்லை.

அந்த அம்மா:

“ரெண்டாவது தந்திய எங்கம்மா நம்பவே இல்லீங்க. மொதத் தந்திதான் நெசம்னுச்சு. சாகுற வரைக்கும் வாசக்கதவுக்குத் தாப்பாப் போட விட்டதில்ல.”

ஜ.பா. தலை நிமிரவில்லை. அம்மா எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதான், வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொம்பில் தண்ணீரோடு வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“எங்கண்ணன் அங்க என்ன சாப்புடும்?”

ஐம்பத்து நாலு வருஷமாகக் கேட்க ஆளில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். நினைவில் உள்ளவை:

– சப்பாத்தி தின்னுமா? (முதலில் அழுதான். அப்புறம் ஒன்பது.)

– பீடி? (“உண்டும்மா.” அதில் அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “அப்பாட்ட இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணுச்சு!”)

– நீச்சல்? (தெரியும். கீழே இருந்தான்.)

– என்னப் பத்திப் பேசுமா? (“பள்ளிக்கூடம் போமாட்டேன்னு வேப்பமரத்துல ஏறிக்கிட்டது நீங்கதானே?”) அப்போதுதான் அந்த அம்மா அழுதார்.

மணி இரண்டாகிவிட்டது. துக்க வீட்டில் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. ஜ.பா. சொல்லாமல் எழுந்து வாசலுக்குத் திரும்பினார்.

“சொல்லிட்டுப் போங்க” என்றார் அம்மா.

“துக்கத்துக்கு வந்தவன்மா.”

“வரேன்னு சொல்லுங்க. இன்னும் கேக்க வேண்டியது நெறைய கெடக்கு.”

ஜ.பா. மறுபடி அவர் பக்கம் திரும்பினார்.

“வரேன்மா.”

டிச. 15, திங்கள்

முட்டி நன்றாக வீக்கம். ஐஸ், தலையணை உயரம். மடக்கம் 90க்கு இறங்கிவிட்டது. என் தப்பு.

காலையில் நசீமாவிடமும் எல்லாம் சொல்லிவிட்டாராம். டீ வரவில்லை. நசீமா அழுது முகம் வீங்கி: “அந்த நாலு நாளும் இங்க அத்தாவோட அம்மா தலையில அடிச்சுக்கிட்டு அழுதிருக்காங்க. அது இவருக்குத் தோணலையா?” உள்ளே ஜ.பா.விடம் கேட்டேன். “தோணுச்சு. அதான் அஞ்சாவது நாள் சொன்னேன்” என்றார்.

அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார். வீக்கம் வடிய மூன்று வாரம் என்றேன்.

“எனக்கு எழுபத்தாறும்மா. அவங்களுக்கு அறுபத்தெட்டு.”

இரண்டு வாரம் என்றேன்.