உன் வண்டி கக்கிய கரும்புகை

என் ஆசை நைனாவுக்கு,

நீ போன பிறகு உன் காரும் சரியில்லை. பின்னால் கரும்புகை. உள்ளே உட்கார்ந்தால் பெட்ரோல் வாடையில் தலை சுற்றுகிறது. விம்கோ நகரிலிருந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவதற்குள் டேங்க் காலி.

என் புத்திதான் உனக்குத் தெரியுமே. முதலில் பெட்ரோல் பங்க்காரன் மேல் சந்தேகம், பங்க்கை மாற்றினேன். யாரோ உறிஞ்சுகிறார்கள் என்று டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டேன். கடைசியில் நம்ம செல்வம் மேல் கண் விழுந்தது. தம்பிதான். ஆனால் உன் காரியம் முடிந்த மறுநாளே, "வண்டிய வித்துடலாம்க்கா" என்றவன். வாங்குவதற்கு மணலியிலிருந்து ஓர் ஆளையும் கூட்டிவந்து காட்டினான். வண்டி கெட்டுப்போனால் நான் மறுக்க முடியாது அல்லவா? அவன் வேலையாக இருக்குமோ?

"உனுக்கு யார் மேலதான்டி சந்தேகம் இல்ல?" என்றாள் அம்மா.

நேற்று உன் தோஸ்து பாஷா பாயின் மெக்கானிக் கடைக்கு ஓட்டிப்போனேன். செல்வத்தையும் வேண்டுமென்றே அழைத்துப்போனேன், முகத்தைப் பார்க்கத்தான். பாய் எஞ்சின் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பிக் கிடந்தது. "காத்து பத்தல, பெட்ரோல மட்டும் குடிச்சிகினு கீதும்மா" என்றார். ஏர் ஃபில்டர் சுத்தமாகத்தான் இருந்தது. கார்புரேட்டரை எட்டிப் பார்த்தவர் கத்தினார்: "சோக்கு பாதி மூடிகினு கீதே! நல்லா உள்ள தள்ளு."

வண்டி கிளம்பக் காற்றைக் குறைக்கிற அந்தச் சோக்குக் குமிழைத் தள்ளினேன், முழுசாகப் போகவில்லை. தினமும் காலையில் இழுத்துத் தள்ளுகிற குமிழ்தான், குனிந்து பார்த்ததில்லை. அதன் பின்னால் கம்பியைச் சுற்றி இறுக்கமாக ஒரு சிவப்புக் கயிறு.

"எவன்டா இத கட்னது?" என்றேன், செல்வத்தையே பார்த்தபடி.

"நான்தான்க்கா. நைனா கைல இருந்த கோயில் கயிறு. குளிப்பாட்டசொல்ல அறுத்துப் போட்டாங்க, நான் எடுத்து வெச்சிகினேன். காலைல நைனா மொதல்ல கை வெக்கிறது அங்கதானே?"

"அப்புறம் இன்னாத்துக்குடா விக்கணும்னே?"

"ஹாரன் சத்தம் கேட்டா நைனாதான் வந்துகீதுன்னு வாசலுக்கு ஓடுறேன்க்கா. முடில."

திருடனைப் பிடித்துவிட்டேன் என்று நின்ற எனக்கு, நடுக்கடையில் அழுகைதான் வந்தது நைனா. பாய் ஏற்கெனவே துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கயிற்றைச் செல்வமே அவிழ்த்து வண்டிக்குள் இருக்கிற கண்ணாடியில் கட்டினான். பாய் பிளக்கைச் சுத்தம் செய்து மாட்டினார், புகை நின்றுவிட்டது. மணலிக்காரரிடம் போனில் வேண்டாம் என்று செல்வம் சொல்லிவிட்டானாம். நிஜமா என்று அவன் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். சிரிக்காதே.

வண்டியை விற்க மாட்டோம். நம்ம தெருவுக்குள் மட்டும் இனி நான் ஹாரன் அடிக்க மாட்டேன்.

உன் சந்தேகப் புத்திக்காரி,
மூத்த மகள் தேவகி