பூட்டியே கிடந்த பக்கத்து வீடு

பக்கத்து வீட்டில் மாடி எடுக்கிறார்கள். காலையிலிருந்து ஈரச் சிமென்ட் வாசனை என் சமையலறைவரை வந்து நிற்கிறது. உனக்கென்று கட்டிய வீடு அது. ஒருநாள்கூட நீ அதில் விளக்கேற்றவில்லை.

புனேயில், கோர்படியின் வாடகை வீட்டு வரிசையில், பதினோரு வருடம் நமக்கு நடுவே ஒரு சுவர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் தொழிற்சாலைகள் நகருக்கு வெளியே இந்தச் சாகண் பக்கம் வரவர, ஜனங்களும் பின்னாலேயே வந்தார்கள். "இந்த நெரிசல்ல எத்தனை நாளுடி? அங்க காத்தாவது வரும். ரெண்டு வீடும் ஒட்டினாப்ல கட்டிக்கலாம்" என்றாய். என் கணவர் தயங்கினார். "அவ வர்றா, எனக்கென்ன பயம்?" என்று அவரைச் சம்மதிக்கவைத்தேன். என் டீச்சர் வேலையையும் விட்டேன்.

இரண்டு வீடும் கட்டி முடிந்ததும், டெம்போவில் என் சாமான்களுக்குக் கயிறு கட்டியது நீதான். "தசராவுக்குள்ள வந்துடுவேன், போ" என்றாய்.

அந்த மழைக்காலம் முழுக்கச் சேறு. தமிழ் பேச ஓர் ஆள் இல்லை. தினமும் என் வாசலோடு உன் வாசலையும் பெருக்கினேன். தசரா போனது, தீபாவளியும் போனது. போன் செய்தால், "இவருக்கு லீவு கிடைக்கலடி" என்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது டெம்போ வந்து நின்றது. நீதான் என்று ஓடினேன். ஒரு மராத்திப் பெண் சாவியோடு இறங்கினாள். என் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்து, "இங்கே வேலை செய்கிறாயா?" என்று இந்தியில் கேட்டாள். அவர்கள் அந்த வீட்டை வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

அன்றே பஸ் பிடித்துக் கோர்படிக்கு வந்தேன். கோயம்புத்தூருக்கே குடிபோக நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய்.

"எப்ப முடிவு பண்ணினே?"

நீ தரையைப் பார்த்தாய். "நீ சாமான் ஏத்தறதுக்கு முன்னாடியே. அவ்வளவு சந்தோஷமா இருந்தே... உங்கிட்ட எப்படிடி சொல்றது?"

தெரிந்தேதான் கயிறு கட்டினாயா? நீ நீட்டிய தண்ணீரைக்கூடக் குடிக்காமல் திரும்பினேன். அதற்குப் பிறகு நாம் பேசவே இல்லை.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. அந்த மராத்திப் பெண்ணும் நல்லவள்தான். உன்மேல் இருந்த கோபம்தான் போகவில்லை.

இரண்டு வாரம் முன்பு உன் மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி. கடைசிவரைக்கும் உங்களைப் பத்தியே பேசினாங்க. பதினாறாம் நாளுக்கு நீங்க அவசியம் வரணும்."

"வர்றேன்மா" என்றேன்.

சொல்லும்போதே தெரியும், போகமாட்டேன் என்று. அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டதும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்றுதான் பதினாறாம் நாள். நான் இங்கேதான் இருக்கிறேன்.